பூட்டிய வீடுகளுக்கும் ஒரு கடன் உண்டு

கொழும்பிலும் கட்டாரிலும் லண்டனிலும் இருந்துகொண்டு கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மாடிவீடு வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களிடம்தான் பேசவேண்டியிருக்கிறது. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறந்து, மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைப் பற்றி. அதற்குக் கட்டாமல் விட்ட சோலை வரியைப் பற்றி. ஊருக்குள்ளேயே இருந்து ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு இன்னும் இரண்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கவேண்டும். கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை கேளுங்கள்.

நமது ஊரின் அகலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை, நடுவில் மட்டக்களப்பு - பொத்துவில் வீதி. அந்த ஒடுங்கிய கீற்றுக்குள்தான் பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை அத்தனை குடும்பமும் நெருக்கிக் கிடக்கிறது. வயலை மூடி வீடு கட்ட 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இலேசில் இடம் கொடாது. கொடுக்கவும் கூடாது, மாரியில் ஊர் வெள்ளம் வடிந்து போக அந்த வட்டையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கடற்கரைப் பக்கம் போவோம் என்றால், 2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் நம்மில் யார்? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு நமக்குத்தான். கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தூரத்தைக் குறைத்தார்கள். மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று ஒன்றுக்குப் பெயரே நின்றுவிட்டது. கரையிலிருந்து எழும்பியவர்கள் எங்கே போவார்கள்? ஊரின் நடுப்பகுதிக்குத்தான் வந்தார்கள். ஒரு வளவு மூன்றாகியது, மூன்று ஆறாகியது. வாப்பா கட்டிய வீட்டின் பின் அறையில் மூத்த மகள், மேல்மாடியில் இளைய மகள், குசினிக்குப் பக்கத்தில் தகரம் அடித்து மூத்தம்மா.

இப்படி நெருக்கிக் கிடக்கும் ஒழுங்கைக்குள் உங்கள் வீட்டின் கேட் பூட்டியிருக்கிறது. எதிரே வாடகைக்கு ஒரு அறை தேடி அலைகிறான் கல்யாணம் முடித்து ஆறு மாதமான ஒரு பையன். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு இடமாற்றமாகி வந்த தாதி ஒருத்தி வீடு தேடுகிறாள். ஒலுவில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தேடுகிறார்கள். திறந்திருக்கும் வீடு குறையக் குறைய வாடகை ஏறுகிறது, வளவின் விலை ஏறுகிறது. அந்த விலையேற்றத்தில் உங்கள் வீட்டின் பெறுமதியும் கூடுகிறது. ஊரின் நெருக்கடிதான் உங்கள் சொத்தை வளர்க்கிறது. இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் பலன் உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

மாரி தொடங்கினால் இன்னொரு பாரம் சேரும். பூட்டிய வீட்டுக் கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும். பாவிக்காத மலசலகூடத்தின் தொட்டியில் நிற்கும், மூடி உடைந்த தாங்கியில் நிற்கும், கிணற்றில் எப்போதும் நிற்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டைத் தட்டிவிட்டுப் போவார். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸைக் கையில் வாங்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை. டெங்குக் காய்ச்சலில் கிடப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அயலவரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உரிமை நாம் ஊரில் இல்லாத நாட்களிலும் நம்மேல் இருக்கிறது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரசின் உதவியில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டிய 500 வீடுகளை எல்லோரும் அறிவோம். பள்ளிவாசலும் பாடசாலையும் வைத்தியசாலையும் சேர்த்துக் கட்டப்பட்ட கிராமம். யாருக்குக் கொடுப்பது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கட்டி முடித்த வீடுகள் பத்தாண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. அதைப் பார்த்து நாம் கொதித்தோம். வீடில்லாதவர் கண்முன்னே வீட்டைப் பூட்டி வைப்பது அநியாயம் என்று மேடைமேடையாகச் சொன்னோம். சொன்னது சரிதான். அந்த அளவுகோலை இப்போது நம் சொந்தக் கேட்டுக்கும் வைத்துப் பார்க்கவேண்டும். அரசாங்கம் பூட்டினால் அநியாயம், நாம் பூட்டினால் அந்தஸ்து என்று ஒரு நியாயம் கிடையாது.

வரிப் பேச்சுக்கு வருகிறேன். நாடு கடனில் விழுந்த பிறகு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஏற்பாட்டில் சொத்து வரி ஒன்றைக் கொண்டுவருவதாக இலங்கை வாக்களித்தது. 2024 ஜூனில் அது வேறு உருவத்தில் வெளியே வந்தது. வாடகைக்கு விடாத வீட்டுக்கும் விட்டிருந்தால் என்ன வாடகை வரும் என்று கணக்கிட்டு, அதை வருமானமாக எடுத்து 2025 ஏப்ரல் முதல் வரி வாங்குவது என்ற திட்டம். நாடு முழுக்க அச்சம். குடியிருக்கும் வீட்டுக்கு இது இல்லை என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க விளக்கினார். செப்டெம்பரில் ஆட்சி மாறியது, புதிய அரசு நிதியத்துடன் பேசி அந்தத் திட்டத்தை விலக்கிவைத்தது. நமது தேநீர்க் கடைகளில் அன்றைக்கு வந்த பெருமூச்சு எனக்கு நினைவிருக்கிறது. குடியிருக்க ஒரே வீடு உள்ளவர் பெருமூச்சு விட்டது நியாயம். மூன்று வீடு உள்ளவரும் அதே பெருமூச்சை விட்டு, ஏழையின் அச்சத்துக்குள் தன்னையும் மறைத்துக்கொண்டது நியாயமில்லை. அந்தப் பேச்சு முடிந்துபோகவில்லை. கடன் இருக்கும் வரை சொத்து வரி திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். அதற்கு முன் நமது ஊரில் எது நீதி என்று நாமே பேசித் தெளியவேண்டும்.

நமது ஊரின் சங்கதி கொழும்பின் சங்கதி அல்ல. இங்கே வீடு பெண்ணுக்குப் போகும். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டி உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். மூன்று மகள் உள்ள வாப்பா மத்திய கிழக்கில் பாதி ஆயுளை விட்டு மூன்று வீடு கட்டுகிறார். கடைசி மகள் இன்னும் பத்தாம் வகுப்பில். அவளுக்கான வீடு பூசாமல், ஜன்னல் போடாமல் நிற்கிறது. கொழும்பில் உட்கார்ந்து சட்டம் எழுதுபவர் கண்ணுக்கு அவரும் மூன்று வீட்டுச் செல்வந்தர். இன்னொருவர் இருக்கிறார். கல்முனையில் இரண்டு மாடி, தெஹிவளையில் ஒரு தொடர்மாடி வீடு, பொத்துவில் கடற்கரையில் ஒரு விடுதி. எல்லாம் மனைவி பெயரிலும் மகள்மார் பெயரிலும் மாமியார் பெயரிலும். உறுதியை எண்ணினால் அவர் ஏழை. உறுதிகளை எண்ணிப் போடும் வரி நமது ஊரில் எளியவரைப் பிடித்து வலியவரை விட்டுவிடும்.

இந்த நாடு ஏற்கெனவே அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதற்கு மேல் ஒரு குடும்பம் வீடு வைத்திருக்கக் கூடாது என்றது. மிகுதி வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் போயின. வாடகைக்கு இருந்த பலர் சொந்த வீட்டுக்காரர் ஆனார்கள். பீட்டர் கெனமன் அமைச்சராக இருந்த காலம். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு வாடகைக்கென்று வீடு கட்டவே ஆட்கள் தயங்கினார்கள். பராயமடைந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் தனி ஆட்கள் என்பதும் வசதியுள்ளவர்களுக்கு வசதியாக இருந்தது.

ஆகவே எண்ணவேண்டியது உறுதியை அல்ல, பூட்டை. கனடாவின் வன்கூவர் நகரம் 2017இல் அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் தமது வீட்டில் ஆள் இருந்ததா என்று அறிக்கை கொடுக்கவேண்டும். வெறுமனே கிடந்த வீட்டுக்கு மதிப்பில் 1 வீதம் வரி. 2021இல் அதை 3 வீதமாக்கினார்கள். வரும் காசை எளியவர்களுக்கான வீட்டுத் திட்டங்களுக்கு எடுத்து வைக்கிறார்கள். வேல்சில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கும் நீண்டகாலம் வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கும் வழமையான வரிக்கு மேல் 300 வீதம் வரை கூட்டி வாங்க உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரம் உண்டு. நியூயோர்க்கில் 2019இல் இதே பேச்சு எழுந்து, ஆதன வியாபாரிகளின் எதிர்ப்பில் அமுங்கியது. எங்கும் எதிர்ப்பு வரும். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கே சபை வரியை மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். ஊரில் உள்ள மாளிகைக்குச் சோலை வரி நிலுவையில் கிடக்கிறது. அங்கே சட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இங்கே ஊருக்குக் கொடுக்கவேண்டும்.

எனது நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆண்டில் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடக்கும், கட்டி முடிந்த, மின்சாரமும் குழாய்நீரும் உள்ள வீட்டுக்கு மாநகர சபை கூடுதல் வரி விதிக்கவேண்டும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகளின் பூசாத வீட்டுக்கு வேண்டாம். வைத்தியத்துக்காகப் பிள்ளைகளிடம் போயிருக்கும் விதவைத் தாயின் வீட்டுக்கு வேண்டாம். மின்மானி வாசிப்பைப் பார்த்தாலே எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எதில் எரியவில்லை என்று தெரிந்துவிடும். இப்போதைய சட்டத்தில் சோலை வரி, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பின்மேல் போடப்படுவது. ஆளில்லா வீட்டுக்கு வேறு வீதம் வேண்டுமானால் அதற்குச் சட்டம் செய்யவேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அதற்காக வாய் திறக்கவேண்டும்.

நீங்கள் சொல்லும் மறுப்புகளும் என் காதில் விழாமலில்லை. “நான் வெயிலில் கருகிச் சம்பாதித்தது” என்கிறீர்கள். உண்மை. உங்கள் உழைப்பை யாரும் பறிக்கவில்லை. வீடு உங்களுடையது, உங்கள் பிள்ளைகளுடையது. ஆனால் அந்த வீட்டு வாசல் வரை வீதி போட்டதும், தெரு விளக்கு எரிவதும், வடிகான் வெட்டியதும் ஊரின் காசு. “நான் அங்கே இல்லையே, குப்பைகூடப் போடவில்லையே, எதற்கு வரி” என்றும் சொல்கிறீர்கள். பெருநாளைக்கு ஊருக்கு வந்து பந்தல் போட்டு விருந்து வைத்துப் போகும்போது விட்டுச் செல்லும் குப்பை எங்கே போகிறது? இந்தக் கரையோர ஊர்களின் குப்பை குவியும் பள்ளக்காட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. குப்பையை ஒழுங்காகக் கையாளக் காசு வேண்டும். அது வானத்திலிருந்து வராது.

“வாடகைக்கு விட்டால் எழும்ப மாட்டார்கள்” என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் பழைய வீட்டுக்காரர்கள் பட்ட பாடு ஊரெல்லாம் கதையாக இருக்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்கு விட்ட இடத்தை ஒப்பந்தப்படி திரும்பப் பெற விரைவான நீதிமன்ற வழி ஒன்றைத் தந்திருக்கிறது. வாய்ப்பேச்சில் விடாமல், நொத்தாரிசு முன்னால் காலம் குறித்து எழுதிக் கொடுங்கள். பயம் பாதி குறையும்.

கடைசி மறுப்புத்தான் கனமானது: “கட்டுகிற வரி எங்கே போகிறது?” இதற்கு மழுப்பிப் பதில் சொல்ல நான் தயாரில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டில் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று விவாதிக்க மக்கள் தெரிவுசெய்த ஒரு உறுப்பினர்கூட சபை மண்டபத்தில் இல்லாமல் போனது. இதற்குப் பின்னால் பழைய புண் இருக்கிறது. 1987இல் கல்முனைப் பட்டின சபையையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளையும் ஒன்றாக்கியதிலிருந்து சாய்ந்தமருது தனிச் சபை கேட்கிறது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. எங்கள் காசு அவர்களுக்குப் போகிறது என்று சாய்ந்தமருதும் கல்முனையும் மருதமுனையும் மாறி மாறிச் சொல்கின்றன. பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் உள்ள தமிழ்ச் சகோதரர்களுக்கும் அவர்களுடைய குறை இருக்கிறது. இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் வரி கட்டாதவன் கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்வார்? கட்டுங்கள், பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வட்டாரம் வட்டாரமாக எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற கணக்கை ஒவ்வொரு பள்ளிவாசல் பலகையிலும் கோவில் வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஆணையாளர்களே, இது உங்களுக்கும்தான்: கணக்குக் காட்டாத சபை வரி கேட்கும் தகுதியைத் தானே இழக்கிறது.

உலமாக்களிடமும் நம்பிக்கையாளர் சபைகளிடமும் ஒன்று சொல்லவேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை என்று அறிவோம். விற்கும் எண்ணத்தோடு வாங்கிப் போட்ட வீடும் வளவும் வியாபாரப் பொருள், அதன் பெறுமதியில் 2.5 வீதம் ஆண்டுதோறும் கடமை என்பது பெரும்பான்மை உலமாக்கள் சொல்வது. வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் கணக்கில் வரும். விற்கவும் இல்லை, விடவும் இல்லை, சும்மா பூட்டி வைத்த வீடு மட்டும் எந்தக் கணக்கிலும் அகப்படாமல் நிற்கிறது. ஊரின் பெருஞ்செல்வம் பல, இப்படி ஸகாத்துக்கும் வரிக்கும் வெளியே இருக்கிறது. சட்டம் நிற்கும் அந்த இடத்தில்தான் மிம்பர் பேசவேண்டும். நோன்பில் வாசலுக்கு வருபவருக்கு நூறு ரூபா கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவருக்கு, அவருடைய பூட்டிய மூன்று அறைகளை நினைவூட்டவேண்டும். இதைச் சொன்னால் பள்ளிவாசலுக்கு ஓடு போட்டுத் தந்தவர் மனம் நோவார் என்று தயங்காதீர்கள்.

மகள்மாருக்கு வீடு கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. ஒரு வீடு இருக்கும்போதே டவுனுக்குள் இன்னொன்று கேட்கிறீர்கள். கடனில் எழும்பிய அந்த வீட்டில் பிறகு யாரும் குடியிருப்பதில்லை. அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். ஊரில் பூட்டிய வீடுகளில் சில, உங்கள் பேராசை கட்டியவை.

ராத்தாமாரே, தங்கச்சிமாரே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. சோலை வரிப் படிவம் உங்கள் பெயருக்குத்தான் வருகிறது. வாப்பாவோ புருஷனோ பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் முன் வீட்டுக்காரி நீங்கள், இறைவனின் முன்னும் நீங்கள்தான். உங்கள் வீடு மதிப்பிடப்பட்டு எத்தனை ஆண்டாகிறது என்று கேளுங்கள். மேல்மாடி கட்டுவதற்கு முன் போட்ட பழைய மதிப்பில் வரி கட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த சலுகை அல்ல, அயலவரின் தோளில் ஏற்றிய சுமை. மறுமதிப்பீட்டுக்கு வரும் அதிகாரியிடம் அறைகளை மறைக்காதீர்கள்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுச் சோலை வரியையும் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. நிலுவையோடு சேர்த்து இந்த ஜனவரியில் கட்டுங்கள். கழிவாகக் கிடைக்கும் காசை உங்கள் மஹல்லாவின் பைத்துஸ் ஸகாத்துக்குக் கொடுங்கள். மாரி மழைக்கு முன் யாரையாவது அனுப்பிப் பீலியையும் தாங்கியையும் துப்புரவாக்குங்கள். மேல்மாடியை உங்களுக்கு வைத்துக்கொண்டு, கீழ்வீட்டை இந்த ஆண்டே ஒரு இளம் குடும்பத்துக்கு, ஒரு தாதிக்கு, வீடில்லாத ஒரு ஆசிரியைக்கு நியாயமான வாடகையில் விடுங்கள். திறப்பைப் பள்ளிவாசல் செயலாளரிடமாவது கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்து ஊர்ச்சனம் பாடசாலை மேசைகளில் படுக்கும் இரவில், உங்கள் வீட்டைத் திறக்க யாரிடம் கேட்பது என்று எவரும் தேடி அலையக்கூடாது.